தகவல்: குடும்பத்தினர்

வானொலியில் ஒரு மரண அறிவித்தலை வாசித்து முடிக்க ஒரு நிமிடமும் ஆகலாம், மூன்று நிமிடமும் ஆகலாம். இறந்தவரின் வயதோ புகழோ அதைத் தீர்மானிப்பதில்லை. உறவுக்காரரின் தொகைதான் தீர்மானிக்கும். எங்கே பிறந்தவர், எங்கே வாழ்ந்தவர், என்ன திகதியில் காலமானார், யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய தந்தை, மைத்துனர், சகலன், எத்தனை பேரப்பிள்ளைகள். பிறகு பார்வைக்கு வைக்கும் மண்டபம், கிரியை, தகனம், தொடர்பு எண்கள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: தகவல், குடும்பத்தினர்.

ரொறன்ரோவில் ஈழத்தமிழர் நடத்திய வானொலி ஒன்றில் இந்த அறிவித்தல்களை எழுதி வாசிப்பதைப் பல ஆண்டுகள் தொழிலாகச் செய்தவர் ஓர் அம்மா. செய்தியும் வாசிப்பார், பாட்டும் போடுவார். ஆனால் நேயர்கள் அவரை அறிந்தது மரண அறிவித்தல் குரலாகத்தான். ஸ்காபரோ மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் விலை கேட்டால், "ஐயோ பிள்ளை, உம்மட குரலைக் கேட்டாலே நெஞ்சு பதறுது" என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு முதல் தேவை குரல் என்பதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஊர் தெரிந்திருக்க வேண்டும். கரணவாய் கிழக்கு வேறு, கரணவாய் மேற்கு வேறு. மாற்றி வாசித்தால் ஒரு சந்ததியே கோபிக்கும். அடுத்தது, அழுதுகொண்டிருப்பவரிடம் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். இறந்த நேரம் அங்கத்தைய நேரமா, இங்கத்தைய நேரமா என்பதுவரை கேட்டே ஆகவேண்டும். திதி மாறிவிடும். எட்டுச் செலவும் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். ஒரு விவரம் விடுபட்டாலும் அறிவித்தல் நிற்காது.

2009ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து, போர் நடந்த வன்னியில் இருந்து அந்த விவரங்கள் வருவது நின்றது. சாவு நிற்கவில்லை.

அவர் வடமராட்சியில் வளர்ந்தவர். போருக்குள் இருந்து போரைக் கேட்ட அனுபவம் உண்டு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்ட காலம் அது. சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் மங்கும். லண்டன் பிபிசி தமிழோசையில் ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரல், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. இரண்டுக்கும் முற்றத்தில் சனம் கூடும். நாலு கட்டைக்கு அப்பால் நடந்ததை ஆயிரக்கணக்கான மைல் சுற்றிவந்த அலைவரிசையில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். வேடிக்கைதான், ஆனால் யாரும் அதை வேடிக்கையாக நினைக்கவில்லை.

அப்போது பயம் இருந்தது. என்றாலும் அந்தப் பயத்துக்கு ஒரு அளவு இருந்தது. ஷெல் புறப்படும் சத்தமும் விழும் சத்தமும் வேறு என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். பொம்பர் இரைச்சல் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பங்கருக்குள் இறங்குவார்கள். போனபின் ஏறிவந்து அடுப்பில் தேத்தண்ணிக்கு வைப்பார்கள். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த இடம்பெயர்விலும், அடுத்து என்ன செய்வது என்பது கண்ணுக்கு முன்னால் இருந்தது. நடக்க வேண்டும், தண்ணீர் தேட வேண்டும், கிழவியைச் சைக்கிள் கரியரில் ஏற்ற வேண்டும்.

கனடாவுக்கு வந்தபின் உடம்புக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. தூரத்திலிருந்து போரைத் தொடர்வதில் அவருக்கு மிகக் கடினமாகப் பட்டது இதுதான். காதுக்குச் சத்தம் இல்லை, காலுக்கு ஓட இடம் இல்லை, பயத்துக்கு முடிவும் இல்லை.

குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கும் வன்னிக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். பங்குனியில் கனடாவில் மணிக்கூட்டை முன்தள்ளியபின் ஒன்பதரை. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே விடிகிற நேரம். விடியற்காலை ஷெல்லடி பற்றிய தகவல் இங்கே பிள்ளைகளைப் படுக்கப் போடும் வேளையில் வந்து சேரும். அதனால் ஊர் உறங்கவில்லை. தொழிற்சாலையில் பின்னிரவு வேலை செய்பவர்கள் கழிவறைக்குள் போய்க் கைபேசியில் இணையத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து மறுபடி பெட்டி கட்டினார்கள். வானொலிக்கு வரும் இரவு அழைப்புகளின் பின்னணியில் எப்போதும் இயந்திர இரைச்சல் கேட்டதாக அவர் சொல்வார்.

கேள்வி ஒன்றேதான். "தங்கச்சி, விசுவமடுப் பக்கம் இண்டைக்கு என்ன மாதிரி?" அடுத்த கிழமை அதே குரல் உடையார்கட்டைக் கேட்கும். பிறகு சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன். கிளிநொச்சி தை 2ஆம் திகதி விழுந்தது, ஆனையிறவு 9ஆம் திகதி, முல்லைத்தீவு நகரம் 25ஆம் திகதி. அறிவிப்பாளருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. அழைப்பவர்கள் கேட்கும் ஊர்ப்பெயர் கிழக்கே கிழக்கே நகர்ந்துகொண்டு போவதை வைத்தே நிலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று தெரிந்தது. அரசு தை மாதம் 35 சதுர கிலோமீட்டரில் ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது; மாசியில் கடற்கரையோரம் அதைவிடச் சிறிய இன்னொன்றை. சனத்தை உள்ளே வரச் சொல்லிவிட்டு, உள்ளேயும் ஷெல் விழுந்தது.

அங்கே வெளியிலிருந்து வந்த செய்தியாளர் யாரும் இல்லை. ஐ.நா.வின் வெளிநாட்டு அலுவலர்கள் 2008 புரட்டாதியிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தார்கள். போகவேண்டாம் என்று அவர்களுடைய வாசலில் சனம் நின்று மன்றாடியது. மிஞ்சியிருந்த குரல்கள் அரச மருத்துவர்களுடையவை. வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகியோர் செய்மதித் தொலைபேசியில் சொன்ன எண்ணிக்கைதான் உலகத்துக்குப் போனது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மாசி தொடக்கத்தில் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டதைச் செஞ்சிலுவைச் சங்கமும் உறுதிசெய்தது. கொழும்பு மறுத்தது.

எண்ணிக்கை விஷயத்தில் அவருக்குத் தொழில் சார்ந்த ஒரு கோபம் இருந்தது. வலயத்துக்குள் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு மாசி மாதம் சொன்னது. ஐ.நா. 250,000 என்றது. உணவும் மருந்தும் அந்தச் சின்ன எண்ணுக்கு ஏற்பவே அனுப்பப்பட்டன. கடைசியில் உயிரோடு முகாம்களுக்கு வந்தவர்களே 280,000க்கு மேல். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டாலே கேள்வி கேட்கும் சமூகத்தில், இரண்டு லட்சம் பேரைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு ஓர் அரசு நிம்மதியாக அறிக்கை விடுவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

செய்தி முடிந்து மரண அறிவித்தல் நேரம் வரும். அதுதான் விசித்திரமான நேரம். செய்தியில் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, அடுத்த தாளைத் திருப்பினால், ஸ்காபரோ ஆஸ்பத்திரி ஒன்றில் எண்பத்தைந்து வயதில் காலமான முதியவர். பூட்டப்பிள்ளைவரை பெயர் எழுதியிருக்கும். நிதானமாக வாசிக்க வேண்டும், அவசரப்படுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு அவமரியாதை. எண்ணாகச் சொன்னவர்களுக்கு வாசிக்க ஒரு வரிகூடக் கையில் இல்லை. ஒருநாள் நேயர் ஒருவர் எடுத்துச் சண்டை பிடித்தார்: "அங்க சனம் கொத்துக் கொத்தாச் சாகுது, நீங்க இஞ்ச பேரப்பிள்ளையளின்ர பேர் வாசிச்சுக்கொண்டிருக்கிறியள்." அந்தக் கிழவரின் மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அறிவிப்பாளர் பதில் சொல்லவில்லை. சொல்ல முடிகிற பதிலும் இல்லை.

மாசியிலிருந்து வைகாசி தொடக்கம்வரை சில பெயர்கள் கிடைத்தன. செஞ்சிலுவைச் சங்கம் வாடகைக்கு எடுத்த 'கிறீன் ஓஷன்' கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரையும் அவர்களோடு வந்தவர்களையும் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றது. வைகாசி 9ஆம் திகதி கடைசிப் பயணம்வரை 13,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். திருகோணமலை ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவர், அவருக்குத் தெரிந்த தாதி, அவர் சொன்ன பெயர், அந்தப் பெயர் சரியோ பிழையோ என்று கொழும்பிலுள்ள மருமகன் விசாரித்து, பாரிஸ் வழியாக ரொறன்ரோவுக்கு வந்து சேரும். கால் போய்விட்டது என்ற செய்தியைக் கேட்டு ஒரு தாய் "அப்பாடா" என்றாளாம். கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

வெளியே ஊர் வேறு விதமாகக் கொதித்தது. தை 30ஆம் திகதி ரொறன்ரோ நகர மையத்தில் மனிதச் சங்கிலி; கடுங்குளிரில் ஆயிரமாயிரமாகச் சனம். சித்திரையில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் யூனிவர்சிட்டி அவெனியூவில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். வைகாசி 10, அன்னையர் தினம், ஞாயிற்றுக்கிழமை: கார்டினர் அதிவேகச் சாலையில் பெண்கள் தள்ளுவண்டியில் குழந்தைகளோடு ஏறி மறித்தார்கள். பல மணி நேரம் நகரம் நின்றது. மறுநாள் ஆங்கில வானொலிகளில் அழைத்தவர்கள் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு அது போக்குவரத்து நெரிசல்தான். வீட்டுக்கு வீடு நடக்கும் இழவை வேலைத்தளத்தில் பக்கத்து மேசைக்காரனுக்கு விளங்கப்படுத்த முடியாமல் போவது தூரத்துப் போரின் இன்னொரு பாதி. நாற்பது சொல் ஆங்கிலத்தில் ஒரு தீவின் அறுபது வருட அரசியலைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

தாங்க முடியாமல் சிலர் தங்களையே தீக்குக் கொடுத்தார்கள். சென்னையில் தை 29ஆம் திகதி முத்துக்குமார், ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் மாசி 12ஆம் திகதி, லண்டனிலிருந்து போன முருகதாசன். இருவரும் இளைஞர்கள். அறிவிப்பாளருக்கு இதில் உறுத்திய ஒரு விஷயத்தை அவர் வெளியே சொன்னது பல வருடங்களுக்குப் பிறகுதான். தூரத்தில் இறந்த இந்த இருவருக்கும் படம் இருந்தது, ஊர் இருந்தது, திகதி இருந்தது, ஊர்வலம் இருந்தது. யாருக்காக இறந்தார்களோ அவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. இளம் பிள்ளைகள் எரிந்துபோவதைத் தியாகமாக வாசிப்பதிலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தார்.

ஒலிவாங்கிக்குப் போகாத அழைப்புகளும் இருந்தன. "தங்கச்சி, இதை றேடியோவில சொல்லாதையும்" என்று தொடங்குவார்கள். தமக்கையின் மகளைப் பதினாறு வயதில் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தப்பிவர முயன்ற குடும்பத்துக்குப் பின்னாலிருந்து சூடு விழுந்தது. அதே மனிதர் அடுத்தநாள் ஊர்வலத்தில் கொடி பிடித்து நிற்பார், அதிலும் பொய் இல்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கை வெளியிட்டபோது இரண்டையும் எழுதியது: அரசு பாதுகாப்பு வலயங்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஷெல்லால் தாக்கியது, புலிகள் சனத்தை வெளியேற விடாமல் தடுத்து, கேடயமாக வைத்து, தப்பியவர்களைச் சுட்டார்கள். இறந்த பொதுமக்கள் 40,000 பேர்வரை இருக்கலாம் என்றும் சொன்னது. பாதி அறிக்கையைப் பிடித்தவர்கள் ஒரு பக்கம், மறு பாதியைப் பிடித்தவர்கள் மறு பக்கம். முழுவதையும் தொலைபேசியில் முன்னமே கேட்டிருந்தவர் அவர்.

வைகாசி 18, போர் முடிந்த நாள். அதைப் பற்றி நீட்டிப் பேச அவருக்கு விருப்பமில்லை. புலிகளின் தலைவர் பிரபாகரன் இறந்துவிட்டதாக அரசு அறிவித்தது, இல்லை என்று ஒரு பகுதி சொன்னது, 24ஆம் திகதி புலிகளின் வெளிநாட்டுப் பொறுப்பாளர் பத்மநாதனே ஒத்துக்கொண்டார். அந்த இடைப்பட்ட நாட்களில் நேயர் அழைப்புகளை எடுக்கவே நிலையத்தில் பயந்தார்கள். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஆனியிலிருந்து அவருடைய வேலை வேறாக மாறியது. மரண அறிவித்தல் நேரத்தில் தேடல் அறிவித்தல்கள். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், கடைசியாக இரட்டைவாய்க்காலில் கண்டவர்கள் உண்டு, தெரிந்தவர்கள் இந்த எண்ணுக்கு எடுக்கவும். செட்டிகுளம் மெனிக் முகாமில் முள்வேலிக்குள் இருந்தவர்களின் பெயர்கள் துண்டு துண்டாக வந்தன. முகாமிலிருந்து யாரோ பதுக்கி வைத்திருந்த கைபேசியில் ஒரு நிமிடம் கதைத்து, பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் ஐந்து பேரின் பெயரைச் சொல்லிவிட்டு வைப்பார்கள். அந்த ஐந்தையும் வானொலியில் வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருவர் எடுத்து அழுவார். அவரது தொழில் வாழ்க்கையில் மகிழ்ச்சியாக வாசித்த பட்டியல்கள் அவைதான். இணையத்தில் வந்த முகாம் படங்களையும் சனம் அப்படித்தான் பார்த்தது. படத்தின் நடுவில் நிற்கும் அமைச்சரையோ தூதுவரையோ ஒருவரும் பார்க்கவில்லை. ஓரத்தில் பாதி தெரியும் முகங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

ஆடி மாதம் கொழும்பில், காவலில் இருந்த அந்த மருத்துவர்களைச் செய்தியாளர் முன் உட்காரவைத்தார்கள். தாங்கள் சொன்ன எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்றார்கள். முழு உலகமும் அதை எப்படி எடுத்துக்கொண்டதோ, ரொறன்ரோவில் அந்தக் குரல்களை மாதக்கணக்காகக் கேட்டிருந்தவர்களுக்குக் குரலின் வித்தியாசமே போதுமாயிருந்தது. வரதராஜா பின்னாளில் அமெரிக்காவுக்குப் போனபிறகு, அது நிர்ப்பந்தத்தில் சொன்னது என்றார்.

கணக்கு பற்றிய கடைசிச் சொல்லை ஒரு பாதிரியார் சொன்னார். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 தையில் அரசின் ஆணைக்குழு முன் போய்ச் செய்தது வெறும் கழித்தல். கச்சேரிக் கணக்கின்படி 2008 ஐப்பசி தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். எல்லாரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டது எங்கே என்பதை மட்டும். இந்தக் கேள்வியின் வடிவம் அறிவிப்பாளருக்கு மிகவும் பிடித்தது. தானும் இத்தனை காலம் தொலைபேசியில் கேட்டது அதைத்தான்.

பிந்தி வந்த மரண அறிவித்தல்கள் 2010க்குப் பிறகு மெல்லத் தொடங்கின. திகதி தெரியாது. "மாத்தளனில் இருந்து வெளிக்கிட்ட அண்டு" என்பார்கள், "சித்திரைப் புதுவருசத்துக்கு ரெண்டு நாள் பிந்தி" என்பார்கள். அந்த நாளை வைத்தே எழுதிக் கொடுத்தார். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க அரசு 2010இல் ஒரு சட்டம் போட்டது. பல தாய்மார் வாங்க மறுத்தார்கள். 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டிலில் அவர்கள் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு தாயின் சகோதரி ஸ்காபரோவில் இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் அக்காவின் மகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கொடுப்பார். காணாமற்போனபோது அவனுக்குப் பத்தொன்பது. வயதைக் கூட்டி வாசிப்பதா, அதே வயதில் விடுவதா என்று அறிவிப்பாளர் முதல் தடவை கேட்டார். "கூட்டுங்கோ, அவனுக்கும் வயசு போகுதுதானே."

வீதியோரம் இருந்த தாய்மார் இப்போது ஒவ்வொருவராக இறக்கிறார்கள். அவர்களுடைய மரண அறிவித்தல்தான் இந்தத் தொழிலில் அவருக்கு வந்த ஆகக் கடினமான தாள். பிள்ளைகளின் பெயர்களை இரண்டு வகையாக எழுதுவது முறை: முன்னே இறந்தவர்களுக்குக் காலஞ்சென்ற என்று போட்டு, உயிரோடு இருப்பவர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வாழும் நாட்டை, கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று. காணாமல் ஆக்கப்பட்டவரை எங்கே வைப்பது?

அப்படி இறந்த ஒரு தாயின் அறிவித்தலுக்காக லண்டனிலிருந்து மகனும் மொன்றியலிலிருந்து மகளும் ஒரே அழைப்பில் இருந்தார்கள். காலஞ்சென்ற என்று போடலாம், இனியும் ஏமாற வேண்டாம் என்றான் மகன். அம்மா ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை, அவவின்ர அறிவித்தலிலயே போடுறதோ என்றாள் மகள். அறிவிப்பாளர் நடுவில் புகவில்லை. மூத்தவனின் பெயரை முதலில் போட்டு, பக்கத்தில் முல்லைத்தீவு என்று எழுதலாம் என்று கடைசியில் இருவருமே ஒத்துக்கொண்டார்கள். அறிவித்தல் இரவு எட்டு மணிக்குப் போனது. ஒன்பது மணிக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு மருமகன் எடுத்து, தன் பெயருக்கு முன் தன் தம்பியின் பெயரை ஏன் வாசித்தீர்கள் என்று கேட்டார். காலை அறிவித்தலில் ஒழுங்கை மாற்றி மறுபடி வாசித்தார்.